கடல் ஏறுதுன்னா ஏரி ஏன் வத்துது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலின் மாலை அமர்வில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி, பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் எழுதித் தந்திருக்கிறேன்.)



செயலாளர் அவர்கள் போனில் கூப்பிட்டு, "காலநிலை மாற்றம், சூரிய மின்சாரம், காற்றாலை, இதைப் பத்தியெல்லாம் நாட்டிலே நிறையப் பொய் உலாவுது. நீ அந்தத் துறையிலே இருக்கே. அதையெல்லாம் முறியடிக்கிறது எப்படின்னு ஒரு இருபது நிமிஷம் பேசு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த விஷயத்தில் இதுவரை முறியடிக்கப்பட்டவன் நான்தான். அதுவும் என் சொந்த ஊரிலேயே. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். இருபது நிமிஷத்துக்கு மேலே போனால் செயலாளர் மணி அடிக்கலாம்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 2009-ல் மின்னியல் பிரிவிலிருந்து வெளியே போனவன். ஊர் லைட்ஹவுஸ் குப்பம். பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே உள்ள மணல் திட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஏரி, பெயருக்கேற்ப ஒரு கலங்கரை விளக்கம். ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி எங்களுடையதுதான். அதன் பெரும் பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, முகத்துவாரம் எங்கள் பக்கம். அப்பா வலைத் தொழில். எனக்கு இப்போது சூரிய மின் நிலையங்களைப் பராமரிக்கும் வேலை. அதாவது என் சம்பளமே சூரிய மின்சாரத்திலிருந்து வருகிறது. நான் சொல்வதை அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னே, ஆடி மாசத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கோயில் வாசலில் ஊர்க்காரர்கள் கூடி இருந்தார்கள். தெற்கே உள்ள குப்பங்களிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். பேச்சு கடலரிப்பைப் பற்றி. வலை காயப்போட்ட மணல் போச்சு, படகு ஏற்றி வைக்க இடமில்லை, தென்னை சாய்ஞ்சு போச்சு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். படித்தவன் என்று என்னை எழுப்பிவிட்டார்கள். நானும் எழுந்து, அறிவியல் மாநாட்டில் பேசுகிற மாதிரி, "இதுக்கெல்லாம் காரணம் உலக வெப்பமயமாதல். துருவத்திலே பனி உருகுது. கடல் மட்டம் ஏறுது. அதனாலே கரை உள்ளே போகுது" என்று விளக்கினேன். கையில் லேப்டாப் கூட இருந்தது. சென்னை தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிற மாதிரி ஒரு படம். 2050-ல் இப்படித்தான் இருக்கும் என்று காட்டினேன்.

எங்கள் பெரியப்பா ஒருவர், எழுபதைத் தாண்டியவர், ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்.

"தம்பி, கடல் ஏறுதுன்னு சொல்றே. அது எங்களுக்கு மட்டும்தான் ஏறுதா? மெரினாவுலே மணல் நாளுக்கு நாள் அகலமா ஆவுதே. அங்கே இருக்கிறது வேற கடலா?"

கூட்டம் சிரித்தது. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் இன்னொரு கேள்வி போட்டார்.

"சரி, கடல் ஏறுதுன்னா ஏரி ஏன் வத்துது? ரெண்டும் ஒரே தண்ணிதானே?"

நான்கு வருஷம் இந்தக் கல்லூரியில் படித்திருக்கிறேன். செமினாரில் எத்தனையோ கேள்விக்குச் சமாளித்திருக்கிறேன். அன்றைக்கு வாய் அடைத்துப் போனேன். கூட்டம் முடிந்து போகும்போது ஒரு பையன் இன்னொருவனிடம் சொன்னது காதில் விழுந்தது: "எல்லாம் டூப்புடா."

என்னைப் பற்றிச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவன் டூப்பு என்றது காலநிலை மாற்றத்தை. ஒரு உண்மையைத் தப்பாகச் சொல்லி, அதைப் பொய்யாக்கிவிட்டு வந்திருக்கிறேன் என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். பெரியப்பாவின் முதல் கேள்விக்குப் பதில் சிவில் பிரிவு நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். நம்முடைய இந்தக் கரையோரத்தில், வருஷத்தில் கூடுதலான மாதங்கள் நீரோட்டமும் அலையும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திரும்பித் தெற்கே வரும். ஆனால் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். மணல் ஒரு ஆறு மாதிரி கரையை ஒட்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. குறுக்கே கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பினால், தெற்குப் பக்கம் மணல் தேங்கும். வடக்குப் பக்கத்துக்கு வர வேண்டிய மணல் வராது. அலை மட்டும் வந்து இருப்பதை எடுத்துக்கொண்டு போகும்.

1870-களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். அதற்கு முன்னே கோட்டைக்கு வெகு அருகில் கடல் இருந்தது. இன்று நாம் சுண்டல் சாப்பிடுகிற மெரினா மணல், அந்தத் துறைமுகச் சுவர் பிடித்து வைத்த மணல். அதே சுவரின் வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கரை போய், கருங்கல் கொட்டிக் கொட்டித் தடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் வடக்கே 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். அதற்கும் வடக்கே யார் இருக்கிறார்கள்? நாங்கள்தான். ஒவ்வொரு சுவருக்கும் வடக்குப் பக்கத்தில் இருப்பவன் மணலுக்குக் கடன்காரனாகிறான்.

அப்போது கடல் மட்டம் ஏறுகிறது என்று நான் சொன்னது பொய்யா? இல்லை. உலகச் சராசரியில் 1901-லிருந்து 2018 வரை சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது வேகம். 2006-லிருந்து 2018 வரை வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர். ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021-ல் வெளியிட்ட அறிக்கையில் உள்ள கணக்கு இது. நான் கல்லூரியை விட்டுப் போன நாளிலிருந்து இன்று வரை என்று போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ நாலு விரல்கடை. தட்டையான மணல் கரையில் உயரத்தில் நாலு விரல்கடை ஏறினால், தண்ணீர் சில மீட்டர் உள்ளே வரும். அது சின்ன விஷயமில்லை. ஆனால் ஒரு துறைமுகச் சுவருக்கு வடக்கே ஐந்தாறு வருஷத்தில் கரை காணாமல் போகிறதென்றால், அந்தக் கணக்கில் முதல் வரியில் வருவது நாலு விரல்கடை இல்லை, சுவர்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஏரியின் சராசரி ஆழமே ஒரு மீட்டர்தான். கடலோடு அதைச் சேர்ப்பது முகத்துவாரம். மணல் வந்து வாயை அடைத்துவிட்டால், கடல் எவ்வளவு ஏறினாலும் ஏரிக்குள் தண்ணீர் வராது. உள்ளே இருப்பது வெயிலில் சுண்டும், உப்புக் கூடும், இறாலும் மீனும் உள்ளே வர வழியிருக்காது. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் தண்ணீர் கொண்டு வந்து அந்த மணலை உடைத்துத் தள்ள வேண்டும். மேலே அணையும் ஏரியும் கட்டித் தண்ணீரை நிறுத்திக்கொண்டால் தள்ளுவதற்கு ஆளில்லை. ஆக, கடல் ஏறுவதும் நிஜம், ஏரி வற்றுவதும் நிஜம். ஒன்றுக்கொன்று முரண் கிடையாது. பெரியப்பா கேட்டது நல்ல கேள்வி. பதில் தெரியாமல் மேடை ஏறியது என் தப்பு.

இதோடு முடிந்திருந்தால் என் அசட்டுத்தனம் என்று விட்டிருப்பேன். கொஞ்ச நாள் கழித்து வேறொரு கூட்டத்துக்குப் போனேன். ஒரு நிறுவனத்தின் ஆலோசகர் வந்திருந்தார். பெயர் வேண்டாம். கரை ஏன் போகிறது என்று மீனவர்கள் கேட்டார்கள். அவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு, "இது உலகளாவிய காலநிலை மாற்றத்தின் விளைவு, இதற்கு எந்த ஒரு திட்டத்தையும் குறை சொல்ல முடியாது" என்றார். கோயில் வாசலில் நான் சொன்ன அதே வாக்கியம்! எனக்கு முதுகில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

நண்பர்களே, பொய் என்றால் காலநிலை மாற்றமே இல்லை என்று சொல்வது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுவதும் பொய்தான். இரண்டாவது பொய்யைக் கேட்டுக் கேட்டுத்தான் மக்கள் முதல் பொய்யை நம்ப ஆரம்பிக்கிறார்கள். "எதுக்கெடுத்தாலும் கிளைமேட்டுன்றான், அப்போ கிளைமேட்டுன்றதே ஏமாத்து" என்கிற முடிவுக்கு ஒரு மீனவன் வந்தால், அவனைப் படிக்காதவன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவனுக்குக் கிடைத்த சான்றை வைத்து அவன் சரியாகத்தான் முடிவு கட்டியிருக்கிறான்.

அந்த மூழ்கிய சென்னைப் படத்துக்கு வருகிறேன். அன்று கூட்டம் கலைந்ததும் உறவுக்கார அக்கா ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மகளிர் குழுவில் கடன் எடுத்து, ஓலையைப் பிரித்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டப் பூஜை போட்டிருந்தாள். "ஏண்டா, எல்லாம் முழுகிப் போயிடும்னு படம் காட்டுனியே, நான் வீடு கட்டட்டுமா வேணாமா?" என்றாள். என்ன சொல்வது? கைதட்டலுக்காகக் காட்டிய படம் ஒரு குடும்பத்தின் கடன் கணக்கில் போய் உட்காரும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

அதே ஐ.நா. அறிக்கை, இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் உலகச் சராசரியில் கடல் மட்டம் சுமார் 28 சென்டிமீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை ஏறலாம் என்கிறது. புகையைக் குறைத்தால் கீழ்க் கணக்கு, குறைக்காவிட்டால் மேல் கணக்கு. ஒரு மீட்டர் ஆழ ஏரியின் ஓரத்தில், கடலை விட ஒன்றிரண்டு மீட்டர் உயரத்தில் குடியிருப்பவனுக்கு இது பயப்பட வேண்டிய கணக்குதான். அதை ஊதிப் பெரிதாக்க வேண்டிய அவசியமே இல்லை. அக்காவுக்கு அப்புறம் சொன்னேன்: "வீட்டைக் கட்டு, பீடத்தை மூணு அடி உசத்திக் கட்டு, கடல் பக்கம் போகாதே, ஏரிப் பக்கம் மேட்டிலே கட்டு." கட்டிவிட்டாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்தத் திண்ணையில்தான் இருந்தார்கள்.

மிகைப்படுத்துவதால் வரும் கேட்டை எங்கள் ஊர் நேராகப் பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை சுனாமி. நான் அப்போது பிளஸ் டூ. நான்கு நாள் கழித்து, 30-ஆம் தேதி வியாழக்கிழமை, மறுபடியும் சுனாமி வரப் போகிறது என்று எச்சரிக்கை வந்தது. தமிழ்நாட்டுக் கரை முழுக்க ஓடியது. நாங்களும் பாட்டியைத் தூக்கிக்கொண்டு ஏரியைத் தாண்டி ஓடினோம். ஒன்றும் வரவில்லை. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் பல வருஷம், புயல் எச்சரிக்கை வந்தால்கூட "அன்னைக்கும் இப்படித்தான் சொன்னாங்க" என்று வலையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்களை எனக்குத் தெரியும்.

2007-ல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்த பிறகு நிலைமை மாறியது. கடல் அடியில் கருவி வைத்து, அலை உண்டாகியிருக்கிறதா என்று அளந்து பார்த்துச் சொல்கிறார்கள். 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ரா பக்கம் 8.6 அளவில் நிலநடுக்கம். சென்னையே ஆடியது. எச்சரிக்கை கொடுத்தார்கள், அளந்து பார்த்தார்கள், அன்று மாலையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தெரிந்தவன் பேச்சுக்கு அடுத்த தடவை மரியாதை இருக்கும் என்பதை அன்று பார்த்தேன்.

இதுவரை எங்கள் ஊரைச் சொன்னேன். இப்போது நம்ம ஊரைச் சொல்கிறேன். அதாவது நம்முடைய வாட்ஸ்அப் குழு! (சிரிக்கிறவர்களுக்கு விஷயம் தெரியும்.) காற்றாலை மழை மேகத்தைக் கலைத்துவிடுகிறது என்று நம் நண்பர் ஒருவர், உடுமலைப் பக்கத்துக்காரர், போன வருஷம் ஒரு செய்தியை அனுப்பினார். இது புதுசு இல்லை. பல்லடம், உடுமலை, தென்காசி, ஆரல்வாய்மொழி என்று காத்தாடி நிற்கிற ஊரிலெல்லாம் இந்தப் பேச்சு உண்டு. மகாராஷ்டிரத்தில் சாங்லி, சதாரா பக்கமும் 2000-களில் வறட்சி வந்தபோது இதையே சொன்னார்கள்.

நான் என்ன செய்தேன்? இரண்டு பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதி, வரைபடம் போட்டு அனுப்பினேன். யாரும் படிக்கவில்லை. ஒருவர் மட்டும் கட்டைவிரல் காட்டினார், அதுவும் தவறிப் பட்டிருக்கலாம். பத்து நாள் கழித்து அதே செய்தி வேறொருவரிடமிருந்து திரும்ப வந்தது.

அப்புறம் அந்த உடுமலை நண்பனுக்கே போன் போட்டேன். "டேய், உங்க ஊரிலே மழை எப்போ குறைஞ்சது?" என்று கேட்டேன். அவன் சொன்னான்: "எங்க தாத்தா காலத்திலேயே கம்மிதான்டா." சரி, அங்கே ஏன் காத்தாடி நட்டார்கள்? பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது. மேகம் தன் மழையை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டிவிடுகிறது, இந்தப் பக்கம் வருவது வெறும் காற்று. மழை மறைவுப் பகுதி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். காத்தாடி வந்ததால் மழை போகவில்லை. காற்று வேகமாக அடிக்கிற, மழை குறைந்த ஊராகப் பார்த்துத்தான் காத்தாடியை நட்டார்கள். குடை பிடிப்பவர்களைப் பார்த்து, இவர்களால்தான் வெயில் அடிக்கிறது என்று சொல்கிற மாதிரி இருக்கிறது கதை. இன்றைய பெரிய காற்றாலை இறக்கையோடு சேர்த்து நூற்றைம்பது, இருநூறு மீட்டர் உயரம். மழை மேகம் ஒரு கிலோமீட்டருக்கு மேலே ஆரம்பித்துப் பத்துக் கிலோமீட்டர் தாண்டியும் எழும்புகிறது.

அவனுக்கு முழுசாக மனசு ஒப்பவில்லை. கடைசியாக ஒன்று சொன்னேன். தூத்துக்குடி மாவட்டத்தில் 1986-லிருந்தே காற்றாலை உண்டு, நாட்டிலேயே முதலில் வந்த காற்றாலைப் பண்ணைகளில் அதுவும் ஒன்று. அதே மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 2023 டிசம்பர் 17, 18-ல் இருபத்து நாலு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. காத்தாடி மழையை விரட்டும் என்றால் அன்றைக்கு எல்லாக் காத்தாடியும் லீவு போட்டுவிட்டதா? கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அது சரிதான்டா" என்றான். அப்புறம் அவனாகவே சொன்னான்: "எங்க தோட்டத்துக்குப் பக்கத்திலே காத்தாடி போடறேன்னு நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கிட்டு, வண்டிப் பாதையையும் மறிச்சுட்டாங்கடா. அந்தக் கோபம்தான்."

பாருங்கள், மழை என்பது மேலே போட்ட சட்டை. உள்ளே இருந்தது பாதை. இரண்டு பக்கம் கட்டுரை எழுதியவனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை, கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பாதைப் பிரச்சினைக்கு நம் வக்கீல் நண்பர் ஒருவரைச் சேர்த்துவிட்டேன். அவர் இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், ஃபீஸ் இன்னும் வாங்கவில்லை.

எரிமலை ஒன்று வெடித்தால் மனிதன் விடுகிற புகையைவிட அதிகம் வரும் என்று இன்னொரு செய்தி சுற்றுகிறது. உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருஷத்தில் விடும் கரியமில வாயு, நாம் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கரியமில வாயு பூமியைச் சூடாக்கும் என்பது நேற்றைக்கு யாரோ கிளப்பிவிட்டதும் இல்லை. ஸ்வீடன் நாட்டு அர்ரேனியஸ் 1896-லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். வேதியியல் ஆசிரியர் இங்கே இருக்கிறார், அவருடைய அர்ரேனியஸ் சமன்பாட்டில் நான் வாங்கிய மதிப்பெண்ணை நினைவுபடுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சூரிய மின்சாரத்துக்கு வருகிறேன், என் தொழில். எங்கள் ஊர்த் தெருவில் சில வருஷம் முன்னே சூரிய விளக்குக் கம்பங்கள் நட்டார்கள். இரண்டாவது மழைக்காலத்துக்குள் ஒவ்வொன்றாக அணைந்தன. அதிலிருந்து "சோலார்னா ஏமாத்து வேலை, நம்ம உப்புக் காத்துக்கு ஆவாது" என்பது ஊர்த் தீர்ப்பு. என்னைப் பார்த்தாலே கம்பத்தைக் காட்டுவார்கள்.

இந்த முறை நான் பேசவில்லை. மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு ஏணி போட்டு ஏறினேன். கீழே பத்துப் பதினைந்து பையன்கள். வெயில் நேரம். தகட்டின் இரண்டு ஒயரைக் கழற்றி மீட்டரை வைத்தேன், எண்ணை உரக்கப் படிக்கச் சொல்லி மீட்டரை ஒரு பையனிடமே கொடுத்தேன். "இருபது புள்ளி எட்டு" என்றான். பன்னிரண்டு வோல்ட் தகட்டுக்கு அது முழு ஆரோக்கியம். பிறகு பெட்டியைத் திறந்தோம். பேட்டரி முனை பச்சைப் பாசி பிடித்த மாதிரி அரித்துப் போயிருந்தது. பேட்டரியில் வைத்தால் ஏழு வோல்ட். படகு இன்ஜினையும் வயர்லெஸ்ஸையும் கையாளுகிற பையன்களுக்கு மேலே விளக்கம் தேவைப்படவில்லை. "தகடு நல்லாத்தான்ணே இருக்குது, பேட்டரிதான் செத்துப்போச்சு" என்று அவர்களே சொன்னார்கள். சூட்டிலும் உப்பிலும் வைத்துப் பராமரிக்காமல் விட்டால் ஈய அமில பேட்டரி அவ்வளவு நாள்தான். கம்பம் நடுவதற்குப் பணம் ஒதுக்கியவர்கள் பேட்டரி மாற்ற ஒதுக்கவில்லை, அவ்வளவே. ஆக ஏமாற்று என்று ஊர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஏமாற்றியது சூரியன் இல்லை.

அன்றைக்கு ஒரு பையன் கேட்டான், "அண்ணே, இந்தத் தகட்டைச் செய்யறதுக்கே அது குடுக்கற கரண்டைவிட ஜாஸ்தி ஆவுமாமே?" நம் நாட்டு வெயிலில் ஒன்றிரண்டு வருஷத்தில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். தகடு உழைப்பது இருபத்தைந்து வருஷம். பக்கத்திலே அனல் மின் நிலையம் இருக்கிறதே, அங்கே ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்ததைப் பார்க்காத மீனவன் எங்கள் பக்கத்தில் கிடையாது. இதற்கு எனக்குப் பாடப்புத்தகம் தேவைப்படவில்லை.

ஆனால் இன்னொருவர் கேட்டதற்கு நான் ஒத்துக்கொண்டேன். "வீட்டுக்கு நூறு யூனிட் கவர்மெண்டே இலவசமா குடுக்குது. எனக்கு எதுக்கு மாடியிலே சோலார்?" இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு அது மிச்சம் பிடிக்காது. மத்திய அரசு 2024-ல் கொண்டுவந்த திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு, ஆனாலும் உங்களுக்கு வேண்டாம் என்றே சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சோலார் கம்பெனிக்காரன் சோலார் வேண்டாம் என்று சொல்லி அன்றுதான் கேட்கிறார். "அப்போ எங்கேதான் போடலாம்?" என்று அவரே கேட்டார். மீன் ஏலம் போடுகிற கொட்டகையும் ஐஸ் பெட்டியும் இருக்கிற இடத்தில் பகல் முழுக்கக் கரண்ட் செலவு. அங்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றேன். இப்போது அந்தக் கணக்கு நடந்துகொண்டிருக்கிறது. முடிந்தால் சொல்கிறேன், கட்டுப்படி ஆகவில்லை என்றாலும் சொல்கிறேன்.

பெரியப்பாவின் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. எங்கள் குப்பத்துக் கரையில் சுவர் எடுத்தது எவ்வளவு, முகத்துவாரம் இடம் மாறுவதால் போனது எவ்வளவு, கடல் ஏறியது எவ்வளவு என்று பிரிக்க, முதலில் கரை எவ்வளவு நகர்ந்தது என்று தெரிய வேண்டும். அதனால் ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறோம். கலங்கரை விளக்கத்தின் மதில் இடம் மாறாது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஏற்றத் தண்ணீர் வந்து நின்ற கோட்டிலிருந்து அந்த மதில் வரை நாடா பிடித்து அளந்து, பிளஸ் டூ படிக்கிற பையன் ஒருவன் நோட்டில் எழுதுகிறான். தேதி, தூரம், காற்று எந்தப் பக்கம், முகத்துவாரம் திறந்திருக்கிறதா அடைத்திருக்கிறதா என்று கட்டம் போட்டிருக்கிறான். கடைசிக் கட்டத்துக்குக் "காரணம்" என்று தலைப்பு வைத்து, இதுவரை எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறான். கேட்டால், "அது இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆவும்ணே" என்கிறான். அன்றைக்கு "எல்லாம் டூப்புடா" என்றவனுடைய தம்பி அவன்.

இங்கே ஒரு விண்ணப்பம். நாடா தூரத்தைக் காட்டும், உயரத்தைக் காட்டாது. சிவில் பிரிவு நண்பர்கள் யாரிடமாவது உபயோகப்படாமல் கிடக்கும் பழைய ஆட்டோ லெவலும் ஸ்டாஃபும் இருந்தால் கொடுத்து உதவுங்கள். கூடவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பையன்களுக்கு அதை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். பழவேற்காடு வரை பஸ் வருகிறது, அங்கிருந்து நான் கூட்டிக்கொண்டு போகிறேன். மதியம் இறால் தொக்கு எங்கள் வீட்டுப் பொறுப்பு. பெரியப்பாவும் இருப்பார். கேள்விகளோடு இருப்பார், தயாராக வாருங்கள்.